முதல் வரைவில் ஒற்றுப்பிழை திருத்தாதீர்கள்: ஆய்வேடு வழிகாட்டும் புது ஆசிரியர்களுக்கு

பிப்ரவரி பிறந்தால் தமிழ்த்துறை அறைகளில் ஒரே காட்சிதான். முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்களின் ஆய்வேட்டு வரைவுகள் மேசைமேல் அடுக்கியிருக்கும். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர் சிவப்புப் பேனாவோடு குனிந்திருப்பார். முதல் வரியில் தொடங்கி, விடுபட்ட 'க்', 'ச்', 'த்', 'ப்' எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போவார். அவர் உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த உழைப்பு மாணவருக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் வருத்தம். எங்கள் தலைமுறை ஆசிரியர்களும் இப்படித்தான் தொடங்கினோம். எங்கள் நெறியாளர்கள் எங்களுக்கு அப்படித்தான் திருத்தினார்கள், அந்தப் பழக்கம் கைமாறிக் கைமாறி இன்றைய இளைஞர்களிடமும் வந்துவிட்டது.

எத்தனை அங்குல ஓரம் விடுவது, பக்க எண் எங்கே போடுவது, அடிக்குறிப்பு எந்த வடிவில் வர வேண்டும் என்பதையெல்லாம் பல்கலைக்கழகம் தரும் விதிமுறைத் தாளே சொல்லிவிடும். அவற்றை இங்கே எடுக்கவில்லை. அதையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஆய்வேடு ஏன் உயிரில்லாமல் வருகிறது என்பதற்குள்ள காரணங்களை மட்டும் சொல்கிறேன்.

தலைப்பை அகலமாக விட்டுவிடுவது

'குறுந்தொகை காட்டும் சமுதாயம்', 'இன்னாரின் சிறுகதைகளில் பெண்கள்', 'வாழ்வியல் சிந்தனைகள்'. இப்படித் தலைப்பு வைத்தால் அதன்கீழ் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எதை எழுதினாலும் தவறாகாது. அதனாலேயே அதைத் திருத்தவும் முடியாது. கேள்வி இருந்தால்தானே ஒரு பத்தி அதற்கு விடை சொல்கிறதா இல்லையா என்று பார்க்க முடியும்?

குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். 'குறுந்தொகையில் தோழி' என்று கொடுத்தால் தோழி பேசும் பாடல்களின் பட்டியல் வரும். 'தலைவியின் காதலை வீட்டாருக்குத் தோழி எப்படி மறைமுகமாகச் சொல்கிறாள்?' என்று கேட்டால் மாணவர் பாடலுக்குள் இறங்கியே ஆக வேண்டும். தலைப்பைப் பதிவுசெய்யும் முன்பே அதைக் கேள்விக்குறியோடு முடியும் ஒரு வாக்கியமாக எழுதி வாங்கிவிடுங்கள். அலுவலகத்துக்குப் போகும் படிவத்தில் பழைய பாணித் தலைப்பே இருக்கட்டும், பரவாயில்லை. மாணவரின் குறிப்பேட்டு முதல் பக்கத்தில் கேள்வி இருக்க வேண்டும்.

முதல் வரைவிலேயே ஒற்று திருத்துவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற தவறுகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இது ஓர் ஆண்டு உழைப்பையே வீணாக்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறைக்கு ஓர் இளம் ஆசிரியர் வந்தார். இலக்கணத்தில் கெட்டிக்காரர். அவரிடம் ஒரு மாணவி தாலாட்டுப் பாடல்கள் பற்றி ஆய்வு செய்தார். பொங்கல் விடுமுறையில் ஊருக்குக்கூடப் போகாமல் அந்த வரைவு முழுவதையும் ஆசிரியர் எழுத்தெழுத்தாகத் திருத்தினார். மாணவியும் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சேர்த்து, மறுபடி தட்டச்சு செய்து எடுத்துவந்தார். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் வரைவை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தார். இரண்டாம் இயல் முழுக்கத் தாலாட்டைப் பற்றிய பொதுச் செய்திகள், எல்லாம் பிறர் நூல்களிலிருந்து திரட்டியவை. மாணவி தன் ஊர்ப் பாட்டிமார்களிடம் உட்கார்ந்து தானே பதிவுசெய்த பாடல்களோ பின்னிணைப்பில் கிடந்தன. அவற்றைப் பற்றி ஆய்வுக்குள் ஒரு பத்திகூட இல்லை.

"இரண்டாம் இயலை எடுத்துவிடு, பின்னிணைப்பில் இருப்பதை உள்ளே கொண்டுவா" என்றார் ஆசிரியர். மாணவிக்குப் புரியவில்லை. "ஐயா, அது நீங்க திருத்திக் கொடுத்ததுதானே? அதுல இன்னும் என்ன தப்பு இருக்கு?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு பத்தியில் நீங்கள் 'ப்' சேர்த்தால், 'இந்தப் பத்தி இருக்கட்டும், இந்த எழுத்தை மட்டும் சரிசெய்' என்றுதான் அதற்குப் பொருள். சிவப்பு மை அந்தப் பத்திக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. அதன் பிறகு அதை வெட்டச் சொன்னால் மாணவருக்கு மனம் வராது, உங்களுக்கும் வராது. அதற்குள் தேதியும் நெருங்கிவிட்டது. ஆய்வேடு இரண்டாம் இயலோடு, பாடல்கள் பின்னிணைப்பிலேயே இருக்க, ஒற்றுப்பிழை இல்லாமல் பைண்டிங் ஆகிப் போனது. அந்தப் பாடல்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வேறு யாரும் சேகரிக்காத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் எழுதியதையே அந்தப் பெண் எழுதினார். அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் ஆசிரியர் வல்லினம் மிகும் இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள சிக்கல் இல்லை. 1980-இல் அமெரிக்காவில் நான்சி சாமர்ஸ் என்பவர், கல்லூரி மாணவர்களும் அனுபவமுள்ள எழுத்தாளர்களும் தங்கள் எழுத்தை எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். மாணவர்கள் பெரும்பாலும் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லைப் போட்டார்கள். அனுபவசாலிகள் தங்கள் வாதத்துக்கு ஒரு வடிவம் தேடினார்கள். அடுத்து 1982-இல் ஆசிரியர்களின் குறிப்புகளையே அவர் ஆராய்ந்தார். ஒரே பத்தியில் 'இந்த வாக்கியத்தைச் சரிசெய்' என்றும் 'இந்தக் கருத்தை இன்னும் யோசி' என்றும் ஆசிரியர் எழுதினால், எது முக்கியம் என்று மாணவருக்குத் தெரிவதில்லை என்றார். தெரியாதபோது மாணவர் எளிதானதைத்தானே செய்வார்?

சரி, வேறு எப்படித் திருத்துவது? நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடுவதில்லை. கடைசிவரை படித்துவிட்டு மாணவரைக் கூப்பிட்டு, "உன் கேள்விக்கு விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு" என்பேன். பெரும்பாலும் மாணவர் முன்னும் பின்னும் புரட்டுவார். அப்போதே அவருக்குத் தெரிந்துவிடும். நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, ஒவ்வொரு பத்தியையும் ஒரே வரியில் தனித்தாளில் எழுதிவரச் சொல்வேன். ஓர் இயல் ஒன்றிரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். ஒரே செய்தி மூன்று இடத்தில் வருவதும், எந்தப் பத்திக்கும் தொடர்பில்லாத பத்தி நடுவில் நிற்பதும் அந்தத் தாளில் பளிச்சென்று தெரியும். எதை வெட்டுவது, எதை முன்னே கொண்டுவருவது என்று மாணவரே அம்புக்குறி போட வேண்டும். நாம் போட்டுக் கொடுக்கக் கூடாது. இந்தக் கட்டம் முடிந்து இரண்டாம் வரைவு வந்த பிறகுதான் வாக்கியத்துக்குப் போக வேண்டும்.

வாக்கியத்தில் முதலில் தேட வேண்டியது 'அறிய முடிகிறது'. நம் ஆய்வேடுகளில் முக்கால்வாசிப் பத்திகள் ஒரே அச்சில் வருகின்றன: பாட்டு, அதன் பொழிப்புரை, அப்புறம் 'இதன்மூலம் இன்னது அறிய முடிகிறது'. ஔவையாரின் 'அகவன் மகளே' பாட்டைப் (குறுந்தொகை 23) பற்றி மாணவர் இப்படி எழுதுவார்: 'தோழி கட்டுவிச்சியை (குறி சொல்பவளை) மீண்டும் பாடச் சொல்கிறாள். இதன்மூலம் தோழியின் அறிவுத்திறனை அறிய முடிகிறது.' இதில் பிழை ஏதும் இல்லை. விஷயமும் இல்லை. ஓரத்தில் 'எந்தச் சொல்லால்?' என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். மாணவர் பாட்டுக்குத் திரும்பிப் போவார். 'இன்னும் பாடுக பாட்டே' என்பதில் 'இன்னும்' ஏன் என்று பார்ப்பார். 'அவர் நன்னெடுங் குன்றம்' என்பதில் 'அவர்' யார் என்று கேட்பார். திருத்திய பத்தி இப்படி வரும்: 'கட்டுவிச்சி மலைகளைப் பாடிக்கொண்டு வருகிறாள். அவற்றில் ஒரு மலையைப் பாடிய பாட்டை மட்டும் தோழி மறுபடி கேட்கிறாள். பெயர் சொல்லாமல் "அவர்" என்கிறாள். அந்த "அவர்" யார் என்ற கேள்வி அங்கே நிற்கும் செவிலிக்கு (வளர்ப்புத் தாய்க்கு) எழ வேண்டும் என்பதே அவள் எண்ணம்.' இந்த இரண்டு பத்திக்கும் நடுவே நடந்ததுதான் ஆய்வு. இதை நாம் எழுதிக் கொடுத்திருந்தால் மாணவர் நகல் எடுத்திருப்பார், அவ்வளவுதான்.

ஒற்று கடைசியில். அதையும் நீங்கள் சேர்க்காதீர்கள். ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற ஆசிரியர் 1983-இல் ஒரு முறையை எழுதினார்: பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு குறி மட்டும் போடுவது. என்ன பிழை என்று சொல்வதில்லை. தேடித் திருத்துவது மாணவர் வேலை. குறியிட்ட பிழைகளில் பாதிக்கும் மேல் அவருடைய மாணவர்கள் தாங்களே சரிசெய்துவிட்டார்கள். தமிழுக்கு இந்த முறை நன்றாகவே ஒத்துவருகிறது. 'பாடலை பாடினாள்' என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். தெரிந்ததை எழுதும்போது பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். 'வந்துப் போனாள்' என்று வேண்டாத இடத்தில் ஒற்றுப் போடுபவர்களுக்கும் ஒரு புள்ளி போதும். மாணவர் தேடியும் அகப்படாமல் மிஞ்சுகிற பிழைகளை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

தட்டச்சுச் செலவை மறந்துவிடுவது

'மறுபடி எழுதிவா' என்று சொல்வது சுலபம். நம் மாணவர்கள் பலரிடம் மடிக்கணினி இல்லை. கையால் எழுதி டிடிபி சென்டரில் கொடுக்கிறார்கள், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. ஓர் இயலை வெட்டி மாற்றினால் மறுபடி காசு. மாணவர் திருத்தத் தயங்குவதைச் சோம்பல் என்று நினைத்துத் திட்டுகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். கூச்சத்தால் மாணவர் உண்மைக் காரணத்தைச் சொல்வதில்லை. முதல் இரண்டு வரைவுகளைக் கையெழுத்திலேயே வாங்குங்கள், ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாளாக. அப்போதுதான் கத்தரித்து ஒட்டி வரிசை மாற்ற முடியும். கைபேசியிலேயே தமிழில் அடிக்கத் தெரிந்த மாணவர்களை அதில் அடிக்கவிடுங்கள், கோப்பு அவர்கள் கையில் இருக்கும்.

எழுத்துரு

யூனிகோட் மட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததைக் கணினி ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் படிக்கும்.

'சதவீதத்தைக் குறைத்துக்கொண்டு வா' என்பது

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலக்கெடுவுக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதைப் படித்துப் பயந்துபோய், மாணவரிடம் 10 என்ற எண்ணை இலக்காகக் கொடுத்துவிடுகிறார்கள். மாணவரும் 'கூறுகிறார்' என்பதை 'மொழிகிறார்' என்றும் 'சமூகம்' என்பதைச் 'சமுதாயம்' என்றும் மாற்றி எண்ணைக் குறைத்துவிடுகிறார். எடுத்த கருத்து அப்படியே இருக்கிறது, யாருடையது என்ற குறிப்பு மட்டும் இல்லை. இதைவிட மோசமான பயிற்சி ஒன்றை நாம் மாணவருக்குக் கொடுக்க முடியாது. சான்று காட்டி மேற்கோளாகத் தந்த பகுதியை அந்த விதிமுறையே கணக்கிலிருந்து விலக்குகிறது. ஆகவே மேற்கோள் குறி போடு, நூலையும் பக்கத்தையும் சொல், அதற்குப் பிறகு உன் கருத்தை எழுது என்று சொல்லிக்கொடுங்கள். எண் தானாகவே இறங்கும்.

துணைநூற்பட்டியல்

பட்டியலில் உள்ள நூல்களில் ஏதாவது மூன்றைச் சொல்லி, "கையில் எடுத்துவந்து, நீ எடுத்த பக்கத்தைக் காட்டு" என்று கேளுங்கள். இன்னொருவரின் ஆய்வேட்டிலிருந்து பட்டியலைப் பெயர்த்தவரும், இல்லாத நூலைச் சாட்ஜிபிடி சொல்ல அப்படியே எழுதியவரும் அங்கே தெரிந்துவிடுவார்கள். நூல் கிடைக்கவில்லை என்ற சாக்கும் இப்போது அவ்வளவாகச் செல்லாது. பழைய பதிப்புகள் பல தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. சென்னைக்கு வர முடிந்தவர்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். அதிலிருந்து பாட்டையோ மேற்கோளையோ எடுத்தால் மூலநூலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ஒருவர் தவறாக எழுதிய அடி, அடுத்தடுத்த ஆய்வேடுகளில் அப்படியே தொடர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

முன்னுரையை முதலில் வாங்குவது

வேண்டாம். கடைசியாக எழுதட்டும்.

வாய்மொழித் தேர்வுக்குக் கேள்வி பதில் எழுதிக் கொடுப்பது

மனப்பாடம் செய்துவந்தது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக, வெட்டிய பத்திகளை ஒரு கோப்பில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் அதை எடுத்துப் படிக்கட்டும். இதை ஏன் எடுத்தேன், இதற்குப் பதில் எதை வைத்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிப் பார்க்கட்டும். புறத்தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்விகள் பெரும்பாலும் அந்தக் காரணங்களுக்குள்ளேயே வந்துவிடும்.