முடங்கிய கணக்கும் என் சொந்த இணையதளமும்

பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் கோந்தும் குழைத்த பசையால் மேடு கட்டி, 22 காரட் தங்கத்தாள் பதிக்கும் தஞ்சாவூர் ஓவியங்களை வரைபவன் நான். ஆறு ஆண்டுகளாகப் படங்களை எல்லாம் ஒரு சமூக ஊடகப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஒருநாள் காரணம் சொல்லாமல் அந்தக் கணக்கை முடக்கியபோது, வாடிக்கையாளர்களின் விசாரணைகளும் அதனுடன் போய்விட்டன.

பிறகு சொந்த இணையதளம் தொடங்கினேன். அதன் முகவரியான டொமைனை, தளத்தை அமைத்த வடிவமைப்பாளர் பெயரில் அல்லாமல் என் பெயரிலேயே பதிவு செய்து, ஒவ்வோர் ஓவியத்துக்கும் தனிப் பக்கம் அமைத்து, அளவு, பலகையின் வகை, தங்கத்தின் தரம், விலை ஆகியவற்றை எழுதினேன். தங்கத்தாள் நேர் வெளிச்சத்தில் வெளிறித் தெரியும் என்பதால், பக்கவாட்டு வெளிச்சத்தில் மிக அருகிலிருந்து எடுத்த படத்தையும் சேர்த்தேன். அச்சுத் தாளையே தஞ்சாவூர் ஓவியம் என்று விற்பவர்கள் இருக்கும்போது, மேடு கட்டிய கைவேலையை அந்தப் படம்தான் நிரூபிக்கிறது. இப்போது விசாரணைகள் நேராக என் மின்னஞ்சலுக்கே வருகின்றன.