ட்ரொம்பொவ்ஸ்கி தொடக்கம்: பிஷப்பை முன்கூட்டியே அனுப்புவது எதற்காக?

சிங்கப்பூர் அடுக்குமாடிகளின் கீழ்த்தளச் சதுரங்க மேசைகளில் வழக்கமான ராணிச் சிப்பாய் ஆட்டங்களை ஆடிச் சலித்தவர்கள், வெள்ளைச் சிப்பாய் டி4, கறுப்புக் குதிரை எஃப்6 என்ற நகர்வுகளுக்குப்பின் வெள்ளை பிஷப்பை ஜி5-க்கு அனுப்பும் ட்ரொம்பொவ்ஸ்கி தொடக்கத்தை முயலலாம். 2016 உலகச் சதுரங்கச் சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தில் நார்வே வீரர் மாக்னஸ் கார்ல்சனே இதைக் கையாண்டார்.

கறுப்பு டி5 ஆடினால் பிஷப்பால் எஃப்6 குதிரையை வெட்டுங்கள். பிஷப் இணை (இரு பிஷப்களும் கையிலிருக்கும் சாதகம்) கைவிட்டுப் போனாலும், எஃப் வரிசையில் கறுப்பின் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க நேர்ந்து, அவர்களின் அமைப்பு குலையும்.

கறுப்புக் குதிரை ஈ4-க்குத் தாவினால், பிஷப்பை எஃப்4-க்கு இழுத்து, எஃப்3 ஆடி அக்குதிரையை விரட்டிவிட்டு, நடுப்பகுதியை ஈ4-ஆல் பிடிக்க முயல வேண்டும்.

இத்தொடக்கத்தின் பலவீனம், பிஷப் கிளம்பியதால் காவலிழந்த பி2 சிப்பாய்தான். கறுப்பு சி5 ஆட, நீங்கள் டி5 முன்னேற, கறுப்பு ராணி பி6-க்கு வந்தால், துணிந்து குதிரையை சி3-இல் வைத்து அச்சிப்பாயைக் கொடுத்துவிடலாம். ராணி அதை உண்டதும் பிஷப்பை டி2-க்குத் திருப்பினால், வெள்ளைக்கு வளர்ச்சியில், அதாவது காய்களை வெளியே கொண்டுவருவதில், முந்துதல் கிடைக்கும்.