கா வில்லன் இல்ல: விலங்கு ஃபேன்டஸி பத்தி பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஆச்சுன்னா வேலூர் கோட்டை அகழிக்கு பக்கத்துல புல்தரையில நாங்க ஆறேழு பேர் ஒக்காந்துகினு கதை பேசுவோம். மிருகங்க பேசுற, சண்ட போடுற, ராஜ்ஜியம் நடத்துற ஃபேன்டஸி கதைங்கன்னா எங்க எல்லாருக்கும் உசுரு. போன வாரம் காட்பாடியில இருந்து வர்ற தம்பி ஒருத்தன், "ஜங்கிள் புக்ல வர்ற மலைப்பாம்பு கா மாதிரி ஒரு வில்லன இனிமே எவனும் எழுத முடியாதுண்ணா"ன்னு ஆரம்பிச்சான், அவ்ளோதான், இருட்டி எல்லாரும் வண்டி எடுக்குற வரைக்கும் அந்த பேச்சு ஓயவே இல்ல. அவன் சொன்னது தப்பு. ஆனா அதே தப்ப நானும் பல வருஷம் பேசிகினு இருந்தவன்தான், அதான் இத எழுதணும்னு தோணுச்சு.

1894-ல ரட்யார்ட் கிப்ளிங் எழுதின புக்குல குரங்குங்க மோக்லிய தூக்கினு போய் ஒரு பாழடைஞ்ச ஊர்ல வெச்சிடும், அப்போ கரடி பாலுவும் கருஞ்சிறுத்தை பகீராவும் ஓடிப்போய் உதவி கேக்குறதே இந்த மலைப்பாம்பு கா கிட்டதான். அது வந்துதான் மோக்லிய காப்பாத்துது. பின்னாடி 1895-ல வந்த ரெண்டாவது புக்குல செந்நாய் கூட்டம் படையெடுத்து வரும்போதும் யோசனை சொல்லி கூட நிக்கிறது காதான். கண்ணால மயக்கி மோக்லிய முழுங்கப் பாக்குற பாம்பு 1967-ல வந்த டிஸ்னி படத்தோட பாம்பு. தூர்தர்ஷன்ல ஹிந்தியில நாம பாத்த கார்ட்டூன் 1989-ல ஜப்பான்காரங்க எடுத்தது, அது தனி. ஆக மூணு கதை, மூணு கேனன். கேனன்னா வேற ஒண்ணுமில்ல, அந்தக் கதைக்குள்ள நெசமா நடந்ததுன்னு நாம எல்லாரும் ஒத்துக்குற விஷயம். படத்த வெச்சி பேசுறது தப்பே இல்ல, நல்லாவே பேசலாம், ஆனா எந்த காவ பத்தி பேசுறோம்னு மொதல்லயே சொல்லிடணும். இல்லன்னா ரெண்டு பேர் ரெண்டு வேற வேற பாம்ப வெச்சிகினு ராத்திரி பூரா கத்திகினு இருப்போம்.

அந்த டிஸ்னி படத்துல வர்ற குரங்கு ராஜா லூயி விஷயம் இதவிட முக்கியம், ஏன்னா லூயி புக்குலயே கெடையாது. கெடையாதுன்னா விட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, கிப்ளிங்கோட குரங்குங்களுக்கு தலைவனே கெடையாது, சட்டம் கெடையாது, நெனச்சது மறுநிமிஷம் ஞாபகம் இருக்காது, அதான் அந்தக் கூட்டத்தோட குணமே. காட்டுச் சட்டம், காட்டுச் சட்டம்னு பாலு பாடம் எடுத்துகினே இருக்குற கதையில சட்டமே இல்லாத ஒரு கூட்டம் எதுக்கு வருதுன்னு யோசிச்சா புரியும். இத சொன்னதும் எங்க கூட்டத்துல ஒரு அக்கா, "வள்ளிமலை படியில போய் பாரு, ஒரு கடுவன் வந்து ஒக்காந்தா மத்த குரங்கெல்லாம் ஒதுங்கி வழிவிடும், அப்போ தலைவன் இல்லன்னு எழுதினது தப்புதான?"ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. நெசக் குரங்கு கூட்டத்துல பெரியது சின்னது வரிசை இருக்கு, அது உண்மை. ஆனா அந்தக் கதைக்கு சாட்சி வள்ளிமலை குரங்கு இல்ல, அந்த பக்கத்துல இருக்குற எழுத்துதான்.

இதையே தலைகீழா திருப்பி செய்யுற தவறும் இருக்கு, எனக்கு ரொம்ப கோவம் வர்றது அதுலதான். கதையில ஏதாச்சும் கொறை சொன்னா ஒடனே "மிருகம்னா அப்படித்தான்பா, இயற்கை"ன்னு வாய அடைக்கிறது. ரிச்சர்ட் ஆடம்ஸ் 1972-ல எழுதின வாட்டர்ஷிப் டவுன் நாவல எடுத்துக்கங்க. ஆண் முயலுங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி புத்தி, தனித்தனி பயம், அவ்ளோ அழகா எழுதியிருப்பாரு. பொட்ட முயலுங்கள பாத்தா, ஹைசென்த்லே மாதிரி ஒண்ணு ரெண்ட தவிர, பெரும்பாலும் குட்டி போட ஆள் வேணும்னு தேடிப்போய் கூட்டினு வர்றதாத்தான் வரும். இத ஒருத்தர் கொறையா சொன்னா, "முயல் வாழ்க்கைய பத்தி லாக்லி 1964-ல எழுதின புக்க படிச்சிட்டுதான் ஆடம்ஸ் எழுதினாரு, எல்லாம் அறிவியல்"னு பதில் வரும். படிச்சது உண்மைதான். ஆனா முயலுக்கு பாஷை குடுத்து, சாமி குடுத்து, புராணக்கதை குடுத்து, நாலுக்கு மேல எண்ணத் தெரியாதுன்னு கணக்கு வரைக்கும் குடுத்தவரு, பொட்ட முயலுக்கு மட்டும் இயற்கைதான் எல்லைன்னு சொன்னா எப்படி? அறிவியலயே எடுத்தாலும் வளை தோண்டுற வேலைய அதிகமா செய்யுறது பொட்ட முயல்தான், அது அந்த நாவல்லயே வருது. 1996-ல வந்த அடுத்த புக்குல ஆடம்ஸே ஹைசென்த்லேவ கூட்டத்துக்கு தலைவியா, தலைவன் முயல் ஹேசலுக்கு சமமா வெச்சிட்டாரு. கொறை சொன்னவங்க வேலையில்லாம சொல்லல.

அதுக்காக ஒரு கேரக்டர் கெட்டவனா இருந்தா அத மோசமான எழுத்துன்னு சொல்றதும் ஆவாது. அதே நாவல்ல வில்லனா வர்ற முயல் ஜெனரல் வூண்ட்வோர்ட் குட்டியா இருக்கும்போது அவன் கண்ணு முன்னாடியே அம்மாவ மரநாய் மாதிரி ஒண்ணு கொல்லும், அது அவன் ஏன் அப்படி ஆனான்னு காட்டுது, அவன் செய்யுறது சரின்னு சொல்லல. அவ்ளோதான்.

சரி, கேனன எவன் மாத்தலாம்? "ரசிகர் எழுதுறதெல்லாம் கணக்குல வராது, அசல் மட்டும்தான்"னு ஒரேயடியா சொல்றவங்களுக்கு நான் பஞ்சதந்திரத்ததான் காட்டுவேன். மித்திரபேதம் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், 1826-லயே தாண்டவராய முதலியார் மராத்தியில இருந்து தமிழுக்கு கொண்டாந்துட்டாரு. பிங்களகன்னு சிங்கம், சஞ்சீவகன்னு எருது, ரெண்டும் உசுருக்கு உசுரா இருக்கும். தமனகன்னு நரி கோள் மூட்டி ரெண்டையும் பிரிக்கும், சிங்கம் எருத கொன்னுடும். கூடவே கரடகன்னு இன்னொரு நரி, வேணாம் வேணாம்னு புத்தி சொல்லிகினே இருக்கும். ரெண்டும் நரிதான், ரெண்டும் ஒரே புத்தியா? நரின்னா தந்திரம், கழுதைன்னா முட்டாள்னு ஜாதிய வெச்சி குணத்த சொல்றவங்க கரடகன மறந்துடுறாங்க.

சமஸ்கிருதத்துல தமனகனுக்கு ஒண்ணும் ஆவாது. சிங்கம் கொஞ்ச நேரம் அழுவும், தமனகன் சமாதானம் சொல்லி மந்திரியாவே இருந்துடுவான். எட்டாம் நூற்றாண்டுல இப்னுல் முகஃபான்ற எழுத்தாளர் இத அரபிக்கு கொண்டு போகும்போது கதை அங்க முடியல, அடுத்தாப்புல தமனகனுக்கு, அதாவது திம்னாவுக்கு, ஒரு விசாரணையே வெச்சிட்டாரு. நரிங்க ரெண்டும் பேசுனத சிறுத்தை ஒட்டுக்கேட்டு சிங்கத்தோட அம்மா கிட்ட சொல்லுது, அம்மா விடல, திம்னா ஜெயிலுக்கு போய் கடைசியில செத்தே போறான். கெட்டவன் தப்பிச்சிட்டானேன்னு மனசு பொறுக்காம எழுதின தொடர்ச்சி மாதிரிதான் எனக்கு அது தெரியுது. அந்த அரபி கதைதான் அப்புறம் ஐரோப்பா வரைக்கும் போச்சு. அதுல படிச்சவங்களுக்கு திம்னா தண்டனை வாங்கினவன், நமக்கு தமனகன் தப்பிச்சவன். இதுல எது பொய்? ரெண்டும் இல்ல. ஆனா சமஸ்கிருத கதைய படிச்சிட்டு "கடைசியில நியாயமே இல்ல, மோசமான எழுத்து"ன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா அது ராஜகுமாரனுங்க மூணு பேருக்கு அரசியல் சொல்லிக்குடுக்க எழுதினது, பக்கத்துல இருக்குறவன் பேச்ச கேட்டு நண்பன கொன்னா மிஞ்சுறது யாருன்னு காட்டுற கதை, அதுல தமனகன் மிஞ்சணும்.

எழுத்துப் பிழைய ரகசியம்னு தோண்டுறதும் வேணாம். 2003-ல ஆரம்பிச்ச வாரியர்ஸ் பூனைக் கதைங்கள எரின் ஹண்டர்னு ஒரே பேர்ல பல பேர் எழுதுறாங்க, ஒரு புக்குல ஒரு கண்ணு கலர், இன்னொண்ணுல வேற கலர்னு வந்துடும். அத வெச்சி "இவன் நெசமா வேற பூனையோட புள்ள"ன்னு பத்து பக்கத்துக்கு எழுதுற உழைப்ப பாத்தா எனக்கு மனசு வலிக்குது, அந்த உழைப்ப அந்தப் பூனை என்ன முடிவு எடுத்துச்சுன்றதுல போட்டிருக்கலாம்.

கடைசியா ரெட்வால். பிரையன் ஜாக்ஸ் 1986-ல ஆரம்பிச்ச வரிசை, சுண்டெலியும் நீர்நாயும் நல்லவங்க, எலியும் மரநாயும் கெட்டவங்க, பெரும்பாலும் அப்படித்தான் போகும். 1995-ல வந்த ஒரு புக்குல மட்டும் வெயில்னு பேர் வெச்ச ஒரு ஃபெரட் (மரநாய் ஜாதி) குட்டிய பிரையனின்னு ஒரு பொண்ணு சுண்டெலி எடுத்து வளக்குது. அவன் திருடுறான், விஷம் வெக்கிறான், தொரத்திடுறாங்க. கடைசியில அவள நோக்கி வந்த ஈட்டிய அவன்தான் குறுக்க வந்து வாங்கி சாவுறான். அதுக்கப்புறமும் அவ, அவன் கெட்டவன்தான்ற மாதிரி சொல்லிடுவா. நெறைய பேர் "பாத்தியா, கேனன்லயே சொல்லிட்டாங்க, ஃபெரட்னா கெட்டதுதான்"னு முடிச்சிடுறாங்க. அவ சொன்னாங்குறது கேனன். அவ சொன்னது சரியாங்குறது கேனன் இல்ல, அது நாம அந்த ஈட்டிய பாத்து முடிவு பண்ணவேண்டியது. ஒரு கேரக்டர் வாயில வர்ற தீர்ப்ப கதையோட தீர்ப்பா எடுத்துக்காதீங்க, அதுவும் புள்ளைய பறிகுடுத்தவ வாயில வர்றத. அந்தக் காட்பாடி தம்பிக்கு இத சொன்னப்போ ரொம்ப நேரம் பேசல, அப்புறம், "ஈட்டி வர்றப்போ அவனுக்கு யோசிக்க நேரமே இருந்திருக்காதேண்ணா, அப்போ அது அவன் குணம்தான?"ன்னான். அந்தப் புக்க அவனுக்குத்தான் குடுத்து அனுப்பிச்சிருக்கேன்.