பழைய தீர்மானத்தைக் கிளறுவதற்கு முன்

போன மாதம் எங்கள் குடியிருப்பின் பொதுக்குழுக் கூட்டம். எல்லாம் முடிந்து தலைவர் "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டதும், வீடு வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி எழுந்தார். "கீழே மீட்டர் போர்டுக்கு எதற்கு அவ்வளவு பெரிய மேடை? ரெண்டு கார் நிற்கிற இடம் வீணாகிறது. இடித்துவிடலாமே" என்றார். எனக்குப் பகீரென்றது. 2022இல் அதே ஹாலில் எழுந்து நின்று, ஏறக்குறைய இதே வார்த்தைகளில் கேட்டவன் நான்.

கூட்டத்தில் கத்தக் கூடாது, ஒருவர் பேசும்போது குறுக்கே போகக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நல்ல எண்ணத்தோடு பழைய பேச்சை எடுக்கிறவர்களே செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

காரணம் கேட்காமல் கிளறுவது

எங்கள் குடியிருப்பு வேளச்சேரியில் இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். நடுவில் தாழ்வான பகுதி. 36 வீடுகள், கீழ்த்தளம் முழுக்க பார்க்கிங். நான் இங்கே வந்தது 2019இல். 2022இல் இணைச் செயலாளர் ஆனேன். பார்க்கிங் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். எப்படியாவது இடம் பிடிக்க வேண்டும் என்று சுற்றிப் பார்த்தபோது அந்த மேடை கண்ணில் பட்டது.

மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டாமல் இல்லை. புரட்டினேன். 2016ஆம் வருடப் பக்கத்தில் ஒரே வரி: "மீட்டர் போர்டை மேடை கட்டி உயர்த்தி வைக்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." ஏன் என்று எழுதவில்லை. எழுதாததால் பெரிய காரணம் ஒன்றும் இருக்காது என்று நானே முடிவு கட்டினேன். என் தவறு அங்கே தொடங்கியது.

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இரண்டாம் மாடியில் இருக்கும் பெரியவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட்டம் நடந்த சமயத்தில் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், போடவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போல 2016க்குப் பிறகு வந்தவர்கள். தீர்மானம் சுலபமாக நிறைவேறியது. மின்வாரியத்துக்கு மனுப் போட்டு, பணம் கட்டி, போர்டை இறக்கி, மேடையை இடித்தோம்.

பெரியவர் திரும்பி வந்து பார்த்தார். கோபப்படவில்லை. என்னை மாடிப்படிப் பக்கம் கூட்டிப் போய்ச் சுவரைக் காட்டினார். என் நெஞ்சு உயரத்தில் பென்சிலால் இழுத்த ஒரு கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில் "2.12.15". பெயின்ட் அடிக்க வந்தவர்களிடம் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். தினம் அந்தப் படியில் ஏறி இறங்கியும் நான் கவனித்ததே இல்லை. "இவ்வளவு தண்ணி நின்னுச்சு. ஆறு நாள் கரண்ட் இல்ல. ஏன் தம்பி, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. நான்காம் தேதி காலையில் கீழே தண்ணீர், கோட்டுக்கு நான்கு விரல் கீழே நின்றது. மீட்டர் போர்டு மொத்தமும் உள்ளே. தண்ணீர் வடிந்த பிறகும் மூன்று நாள் மின்சாரம் இல்லை. மூன்றாம் மாடியில் ஆக்சிஜன் கருவியோடு இருந்த அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் படி வழியாகத் தூக்கி வந்து படகில் ஏற்றினோம். நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தவன் நான். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "பார்த்து வாப்பா" என்று எனக்குச் சொன்னார். இன்றைக்கும் அது என்னால் தாங்க முடியாத விஷயம்.

புது மீட்டர்கள், வயரிங், மறுபடி மேடை என்று இடித்த செலவைப் போல நான்கு மடங்கு ஆனது. இப்போது மினிட்ஸ் புத்தகத்தில் காரணம் ஒன்றரைப் பக்கத்துக்கு இருக்கிறது, தண்ணீர் நின்ற அளவோடு.

ஆகவே பழைய முடிவு ஒன்று முட்டாள்தனமாகத் தெரிந்தால், அதை எடுத்தவர்களில் ஒருவரையாவது தேடிப் பிடித்துப் பேசுங்கள். வீடு மாறிப் போயிருந்தாலும் போன் நம்பர் யாரிடமாவது இருக்கும்.

புதுச் செய்தி எதுவும் இல்லாமல் வருவது

"எனக்கு அப்போதே பிடிக்கவில்லை" என்பது மறுபடி பேசக் காரணம் ஆகாது. நீதிமன்றத்திலேயே அப்படித்தான். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, அதே தரப்பினருக்குள் தீர்ந்த வழக்கை இன்னொரு முறை போட முடியாது. ஆனால் மறுஆய்வு கேட்க வழி உண்டு. அதற்குச் சொல்லப்பட்டுள்ள காரணங்களில் ஒன்று, எவ்வளவு முயன்றும் அப்போது கைக்குக் கிடைக்காத முக்கியமான புது ஆதாரம். நம் கூட்டத்துக்கும் இது பொருந்தும். விலை மாறியிருக்கிறதா, ஆட்கள் மாறியிருக்கிறார்களா, அப்போது இல்லாத வசதி இப்போது வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாவது இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தோற்றவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு வருவது

ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1876இல் கூட்ட நடைமுறை விதிகளை எழுதி வெளியிட்டார். அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. முடிந்த தீர்மானத்தை அதே அமர்வில் மறுபரிசீலனைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்ட ஒருவர்தான் கொண்டுவர வேண்டும். நம் அசோசியேஷன் பைலாவில் இப்படியொரு விதி இருக்காது. இருந்தாலும் கடைப்பிடித்துப் பாருங்கள். அன்றைக்குச் சரி என்று கை தூக்கிய ஒருவர் "இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன்" என்று எழுந்தால், பழைய கோஷ்டிச் சண்டை தலைதூக்குவது குறையும்.

"வேறு ஏதாவது உண்டா?" நேரத்தில் எடுப்பது

வேண்டாம். முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேருங்கள்.

ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் தொடங்குவது

கூடவே கூடாது.

"அதெல்லாம் அப்பவே பேசி முடிச்சாச்சு" என்று வாயை அடைப்பது

இது எங்களைப் போன்ற பழைய ஆட்களின் தவறு. கேட்கிறவர் காரணம் தெரியாமல் கேட்கிறார். காரணத்தைச் சொல்லாமல் உட்காரவைத்தால், அடுத்த வருடம் ஓட்டுகளைத் திரட்டிக்கொண்டு வருவார், நான் வந்த மாதிரி.

அதனால் அந்தத் தம்பியை யாரும் அடக்க விடவில்லை. கூட்டம் முடிந்ததும் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனேன். இப்போது சுவரில் இரண்டு கோடுகள். கீழே இருப்பது நான் இழுத்தது. அவர் இரண்டு தேதிகளையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் மேடையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இன்னும் ஒரு அடி உயர்த்தினால் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அடுத்த கூட்ட நிரலில் மூன்றாவது பொருள் அதுதான்.