மேத்ஓவர்ஃப்ளோவில் கேள்வி கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியின் கணிதத் துறையில் பத்துப் பேர் இருந்தாலும், கிராஃப் தியரியில் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதப் பிரிவு) ஆராய்ச்சி செய்பவர் ஒருவர்தான் என்றால் அவர் தனி ஆள்தான். சந்தேகம் கேட்கப் பக்கத்து அறையில் யாரும் கிடையாது. 2009-இல் தொடங்கிய மேத்ஓவர்ஃப்ளோ, அதாவது கணித ஆராய்ச்சியாளர்களின் கேள்வி-பதில் இணையதளம், இப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய துணை. புதிதாக வருபவர்கள் செய்யும் சின்னப் பிழைகள் போகப்போகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படியல்ல.

நிபந்தனையை மறைத்துக் கேட்பது

'ஐடியாவை யாராவது எடுத்துக்கொண்டால்?' என்ற பயத்தில் கேள்வியைப் பாதியாக வெட்டிப் போடுவார்கள். உதாரணத்துக்கு: "முக்கோணமே இல்லாத கிராஃபுக்கு, கோட்டால் இணைந்த இரு புள்ளிகள் ஒரே வண்ணமாக இல்லாதபடி வண்ணமிட 3 வண்ணம் போதுமா?" யாரோ ஒருவர் மெனக்கெட்டு, போதாது என்று எழுதுவார். 11 புள்ளி, 20 கோடு கொண்ட க்ரோட்ஷ் கிராஃபில் முக்கோணம் கிடையாது, ஆனால் 4 வண்ணம் வேண்டும். 1955-இல் கணிதவியலாளர் மிச்செல்ஸ்கி காட்டிய முறையில், முக்கோணம் இல்லாமலே தேவைப்படும் வண்ணங்களை 5, 6 என்று ஏற்றிக்கொண்டே போகலாம்.

மறுநாள் கேட்டவர் வருவார்: "என் கிராஃப் எல்லாம் கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் தாளில் வரையக்கூடியவை." அடக் கடவுளே! முக்கோணம் இல்லாத அத்தகைய கிராஃபுகளுக்கு 3 வண்ணம் போதும் என்று கணிதவியலாளர் க்ரோட்ஷ் 1959-லேயே நிரூபித்துவிட்டார். போதாக்குறைக்கு, கேட்டவர் கேள்வியைத் திருத்திப் புது நிபந்தனையைச் செருகுவார். இப்போது பாடுபட்டு எழுதிய பதில் தப்பாகத் தெரியும். பதில் எழுதியவர் அடுத்த முறை கேட்டவரின் பெயரைப் பார்த்தாலே தாண்டிப் போய்விடுவார்.

கேள்வியில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எல்லா நிபந்தனைகளும், கேள்வி எங்கிருந்து முளைத்தது, எதுவரை முயன்றீர்கள், எந்தக் கட்டுரைகளைப் பார்த்தீர்கள். நிபந்தனை விட்டுப்போனால் பழையதை அப்படியே விட்டு, அதன் இணைப்போடு புதுக் கேள்வி போடுங்கள். திருட்டுப் பயத்துக்கும் ஒரு வார்த்தை: கேள்வி உங்கள் பெயரில், தேதியோடு, எல்லோர் கண்ணெதிரேயும் பதிவாகிறது. அதைவிட நல்ல சாட்சி எது?

இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் கேட்பது

பாடப்புத்தக அளவுக் கேள்வி என்றால் எல்லா நிலைக் கணிதக் கேள்விகளுக்குமான மேத் ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் கேளுங்கள். அங்கே சில நாள் பதில் வராவிட்டால் இங்கே கேட்கலாம். இரண்டிலும் மற்றதன் இணைப்பு இருக்கவேண்டும். சொல்லாமல் போட்டால் இருவர் ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள்.

கையெழுத்துப் படம்

கையால் எழுதியதைப் படமெடுத்துப் போட்டால் தேடலில் சிக்காது. கணிதக் குறியீடுகளைத் தட்டச்சு செய்ய உதவும் லேடெக்கில் எழுதுங்கள்.

ஓயாத திருத்தம்

ஒவ்வொரு திருத்தமும் கேள்வியை முதல் பக்கத்துக்கு இழுத்து வரும். சேர்த்துவைத்து ஒரே தடவையாகச் செய்யுங்கள்.

பதில் கிடைத்ததும் கேள்வியை அழிப்பது

கூடாது.