வாக்குச்சீட்டு ஸ்கேனர்: சோதனையிலேயே கோட்டை விடாதீர்கள்

பென்சிலா பேனாவா, சீல் எண்ணை எழுதினோமா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை ஒரு தேர்தலில் பழகிவிடும். உள்ளாட்சித் தேர்தலுக்கு, குறித்த வாக்குச்சீட்டுகளைப் படித்து எண்ணும் ஸ்கேனரைத் தயார் செய்ய வரும் ஒவ்வொரு புது அணியும் வேறு சில இடங்களில்தான் சறுக்குகிறது.

எல்லோருக்கும் ஒரே அளவு ஓட்டு

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். சமீபத்தில் ஓர் இளைஞர், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஐந்தைந்து ஓட்டு குறித்த சோதனைச் சீட்டுக் கட்டு ஒன்றை இயந்திரத்தில் விட்டார். முடிவுத்தாளில் எல்லாப் பெயருக்கும் நேரே 5. "சரியா வருது சார்" என்று கையெழுத்துப் போடப் போனார். முதல் வேட்பாளரின் ஓட்டு மூன்றாமவர் கணக்கில் விழுந்திருந்தாலும் அங்கே 5 தானே இருக்கும்?

இயந்திரம் பெயரைப் படிப்பதில்லை. தாளில் எந்த இடம் கறுத்திருக்கிறது என்று பார்க்கிறது. அந்த இடம் யாருடையது என்று சொல்வது நாம் ஏற்றும் கோப்பு. கோப்பில் பிழை என்றால் முடிவும் பிழை.

2012 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து வெலிங்டன் உள்ளாட்சி மன்றத் தேர்தலில் ஒரு பதவிக்கான ஓட்டுகள் இன்னொரு பதவியின் கணக்கில் ஏறின. தோற்ற இருவரை வென்றவர்களாக அறிவித்துவிட்டார்கள். பிந்தைய தணிக்கையில்தான் விஷயம் தெரிந்தது. அப்புறம் கையால் எண்ணித் திருத்தினார்கள்.

ஆகவே எண்களை வேறுபடுத்துங்கள். மேயர் பதவிக்கு 1, 2, 3 என்றால் கவுன்சிலருக்கு 4, 5, 6. யாருக்கும் போடாத சீட்டும், ஒரே பதவிக்கு அளவுக்கு மேல் குறித்த சீட்டும் கட்டில் இருக்கட்டும். முடிவுத்தாளோடு நிற்காமல் மையக் கணினியில் சேரும் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள்.

மடிக்காத சீட்டில் மட்டும் சோதிப்பது

தபால் ஓட்டு மடிந்துதான் வரும். 2020இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து விண்டம் நகரில் மடிப்பு ஒரு வேட்பாளருக்கு ஓட்டுக் குறிக்கும் வட்டத்தின் மேலேயே விழுந்தது. அதை இயந்திரம் ஓட்டாக எண்ணியதை அடுத்த ஆண்டு தணிக்கை காட்டியது. உண்மையான சீட்டை, அது தபாலில் போகும் விதத்திலேயே மடித்துப் பாருங்கள்.

அவசரப் பெட்டி

ஸ்கேனர் நின்றபோது வாங்கிய சீட்டுகள் அதில் கிடக்கும். வாக்குச்சாவடியை மூடுமுன் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கண்ணாடியில் தூசி

துடையுங்கள்.

கடைசி நேரத் திருத்தம்

சீட்டில் ஒரு பெயர் மாறினாலும் எல்லா இயந்திரத்துக்கும் புதுக் கோப்பை ஏற்றி, சோதனைச் சீட்டுக் கட்டு முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள்.