"பால் பத்தலையோ?" - பிரசவத்துக்குப் பின் முதல் நாற்பது நாள்

பிள்ளை பெற்று அம்மா வீட்டுக்கு வந்ததும் காதில் விழும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "குழந்தை இப்படி அழுவுதே, பால் பத்தலையோ?" பார்க்க வந்த சித்தி கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், மூன்றாம் நாள் ராத்திரி நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிடுவோம். என் மகள் பிறந்த முதல் இரண்டு வாரம் இந்த ஒரு கேள்வியிலேயே நான் நொந்துபோனேன், அதனால் மற்ற எதையும் விட இதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதல் சில நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பச்சைக் குழந்தைக்கு முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டியே போதும், அவ்வளவு சின்ன வயிறு. பால் நன்றாக இறங்க மூன்று நான்கு நாள் ஆகலாம், சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம். இந்த இடைவெளியில்தான் சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ எடுத்து வருவார்கள். எவ்வளவு பாசமாக வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்புகளை முடக்கிவிடக்கூடியது. சர்க்கரைத் தண்ணீரால் வயிறு நிறைந்த குழந்தை சப்பாது, சப்பாவிட்டால் பாலும் சுரக்காது.

சரி, பால் போதுகிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள், நனைந்த துணியை எண்ணுங்கள். நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், குழந்தை ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் ஒரு கோடு போட்டு வைத்தேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு கோடாவது வர வேண்டும், சிறுநீர் வெளிறி இருக்க வேண்டும். மலம் முதலில் தார் போலக் கறுப்பாக இருந்து, நான்கைந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறையும், பயப்படாதீர்கள், பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடுவார்கள். இதெல்லாம் சரியாக இருந்தால், யார் என்ன சொன்னாலும் பால் பத்துகிறது. கோடு குறைந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அவர் பார்த்துவிட்டுப் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிப்பது இயல்பு. சாயங்காலம் ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை கேட்கும், அதைப் பார்த்துத்தான் வீடே பால் பத்தலை என்று பதறும், உண்மையில் அந்த நேரத்தில் நிறைய குழந்தைகள் அப்படித்தான். காம்பு மட்டும் வாயில் இருந்தால் புண்ணாகிவிடும். குழந்தை வாயை அகலமாகத் திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கறுத்த பகுதியும் வாய்க்குள் போகிற மாதிரி, அதன் முகவாய் மார்பில் படுகிற மாதிரி அணைத்துப் பிடியுங்கள். வலித்தால் இழுக்காதீர்கள், குழந்தையின் வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்துப் பிடியை விடுவித்துத் திரும்பப் போடுங்கள். எனக்கு இதை ஒரு நர்ஸ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்த அன்றைக்குத்தான் பாதி வலி போனது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பத்தியம். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, கருவாடு எல்லாம் நன்றாகச் சாப்பிடுங்கள், பச்சை உடம்புக்கு இப்படி ஆக்கிப்போட ஆள் இருப்பது பெரிய விஷயம். ஆனால் "தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்" என்று தண்ணீரைக் குறைத்தால் மட்டும் கேட்காதீர்கள். பால் கொடுக்கிற உடம்புக்குத் தாகம் அதிகம், நாக்கு வறளும், மலச்சிக்கல் வந்தால் தையல் போட்ட இடத்தில் உயிர் போகும். நான் அம்மாவோடு சண்டை போடவில்லை, வெந்நீர் என்றால் சரி என்று அம்மா ஒத்துக்கொண்டார், தலைமாட்டில் ஒரு பிளாஸ்க் வந்தது. காய், கீரை, பழத்தையும் விடாதீர்கள், ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும்.

குளிப்பாட்டும்போது காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, மூடிய அறையில் சாம்பிராணிப் புகை, வசம்பு உரசிக் கொடுப்பது, இவை எதுவும் வேண்டாம். "டாக்டர் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், பெரியவர்கள் மனமும் நோகாது.

மூன்றாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அழுகை வரும். இது ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் வருவது, நிறைய பேருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். தணியாமல் நீண்டால், குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், குழந்தை மேல் ஒட்டுதலே இல்லாதது போல் இருந்தால், அதை "திமிர்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது நோய், மருத்துவத்தில் குணமாகக்கூடியது. டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், 14416 என்ற இலவச மனநல எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம். செத்துவிடலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ தோன்றினால் தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரை உடனே எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உடம்பிலும் சிலவற்றுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது: குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மஞ்சள்காமாலையின் மஞ்சள் நிறம் உள்ளங்கால்வரை இறங்குவது. உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனையும் இரத்தப்போக்கு, காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, மூச்சுத்திணறல்.

கடைசியாக ஒன்று, குழந்தையின் அப்பாவைப் பற்றி. நம் வழக்கத்தில் அவர் சனி ஞாயிறு வந்து, குழந்தையைக் கொஞ்சிவிட்டு, ஊருக்குக் கிளம்பிவிடுவார். அப்புறம் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நீங்கள் அங்கே போகும்போது எல்லா வேலையும் உங்கள் தலையில் விழும். வருகிற அந்த இரண்டு ராத்திரியாவது அவரை அதே அறையில் படுக்கச் சொல்லுங்கள், பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, காலண்டர் தாளில் கோடு போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. மாமியார் முன்னால் செய்ய முதலில் கூச்சப்படுவார், இரண்டாவது வாரம் பழகிவிடும்.